பால்மானி கொண்டுவந்த தாழ்ப்பாள் சட்டம்

அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் பால்மானிதான். பால் சேகரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. காலை ஐந்தரை மணிக்கு வரிசை கட்டி நிற்கும் கேன்களில் ஒவ்வொன்றாக பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பால்மானி என்ற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, அது காட்டும் எண்ணை வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் எண்ணைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இவளுக்கு அந்த நாசூக்கெல்லாம் வரவில்லை.

"இருபத்திரண்டு! அண்ணே, மாட்டைக் குளிப்பாட்டிட்டுத் துவட்டாமலே கறந்துட்டீங்களா?"

வரிசை கொல்லென்று சிரிக்கும். அந்த அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். எட்டாவது நாள் நல்ல பாலோடு வந்து நிற்பார். இந்த வாயை வைத்துக்கொண்டு இருபத்தாறு வயதில் அவள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனாள் என்றால், அதற்கு யாரும் திட்டம் போடவில்லை. அவளும் போடவில்லை.

அந்தப் பக்கம் முழுக்க உருளைக்கிழங்கு வயலும் மாட்டுக் கொட்டிலும்தான். முப்பது வருடமாக உழவர் கட்சியைத் தவிர வேறு கட்சி அங்கே ஜெயித்தது கிடையாது. அவளுடைய அப்பாவே முப்பது வருட உழவர் கட்சிக்காரர். டிராக்டர் மெக்கானிக். அவருடைய பட்டறையில் கட்சித் தலைவர்களின் படங்கள் ஸ்பேனர்களுக்கு மேலே வரிசையாகத் தொங்கின. கை கழுவாமல் அந்தப் படங்களைத் தொடமாட்டார்.

மகள் முற்போக்குக் கட்சியில் சேர்ந்த கதை வேறு. நிலையத்தில் கூட வேலைபார்த்த பெண் பிள்ளைபெறப் போனபோது, திரும்பி வரவேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பால்மானி ஒரு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் ஏறி இறங்கினாள். அதை வாங்கிப் படித்தவர்கள் முற்போக்குக் கட்சிக்காரர்கள் மட்டும்தான். படித்ததோடு எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தார்கள். இவ்வளவு பொறுப்பான கட்சியா என்று அசந்துபோய் அன்றைக்கே உறுப்பினராகிவிட்டாள். தோழிக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

மாவட்டத்தில் அந்தக் கட்சிக்கு மொத்தம் பத்தொன்பது பேர். தேர்தல் வந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவரை வேட்பாளராக அறிவித்தார்கள். வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள், மாலை மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரு மணிக்கு ஆசிரியர் கம்பி நீட்டிவிட்டார். வீட்டுக்கு ஆள் அனுப்பினால், அவர் மனைவி ஜன்னல் வழியாக, "அவர் ஊர்லயே இல்லை. இருந்தாலும் இல்லை" என்றாராம்.

கட்சித் தலைவர் நகரத்து வக்கீல். ஒல்லியான மனிதர், சாதாரணமாகப் பேசும்போதும் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு அரசு அலுவலக வராந்தாவில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். வேட்பாளரை முன்மொழிந்து கையெழுத்துப் போட வந்த பத்துப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். ஒருவருக்கு அரசு வேலை. ஒருவருக்குக் காது கேட்காது. பார்வை பால்மானி மேல் வந்து நின்றது.

"தோழர், உங்கள் வயது என்ன?"

"இருபத்தாறு."

"தண்டனை ஏதாவது பெற்றிருக்கிறீர்களா?"

"எங்கம்மா கையால வாங்கினதுதான்."

"போதும். இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த அப்பா இதை வானொலியில் கேட்டார். சடாரென்று எழுந்ததில் மண்டை அச்சில் இடித்து வீங்கிவிட்டது. "அதே பேர்ல வேற யாரோ" என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் ஜெயிக்க வாய்ப்பே கிடையாது. ஆனால் அந்த வருடம் உழவர் கட்சிக்குள் மாமனுக்கும் மைத்துனனுக்கும் சண்டை வந்து, ஒரே தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டதில் ஊருக்குத் தெரியாத விஷயமெல்லாம் தெரிந்துபோனது. நடுவில் இவள் பாட்டுக்கு சைக்கிளில் வீடு வீடாகப் போனாள். போன இடத்திலெல்லாம், "நம்ம பால்மானியா? இவ பொய் சொல்லமாட்டா. சொன்னா தேவலை, ஆனா சொல்லமாட்டா" என்றார்கள். நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்துவிட்டாள்.

முடிவு வந்த அன்று சமையலறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"சொல்லிடறேன். என் ஓட்டு உனக்கு விழல."

"தெரியும்பா."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"தெரியும்பா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "முப்பது வருஷமா நீங்க சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன். இந்தத் தடவை கண்ணு சரியாத் தெரியலை. எங்க குத்தினேனோ யாருக்குத் தெரியும்."

அப்பா அம்மாவின் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டமன்றத்தில் முதல் நாளே வேடிக்கை நடந்தது. காகிதங்களை நிலையத்தின் துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். பையில் பெரிதாக ஒரு பசு படம். வாசல் காவலர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாலெல்லாம் பின்வாசல் வழியா போகணும்மா" என்றார். அவளும், இங்கே உறுப்பினர்களுக்கு அதுதான் வழி போலிருக்கிறது என்று பின்பக்கமாகப் போய், உணவகத்துச் சமையல்கட்டு வழியாக, பாத்திரம் தேய்ப்பவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே அவைக்குள் நுழைந்தாள். பிறகு விஷயம் தெரிந்து காவலர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவள் அந்த வழியை விடவில்லை. அதுதான் சுருக்கு வழி, கையில் சூடாகத் தேநீரும் கிடைத்தது.

அவளுக்குக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்திருந்தார்கள். எழுந்து நின்றால் சபாநாயகருக்கு அவளுடைய ஒரு தோள்பட்டை மட்டும் தெரியும். அறுபது உறுப்பினர்களில் ஐம்பத்திரண்டு பேர் நிலச்சுவான்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவருக்கு அவையில் யாரோடும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சபாநாயகர் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியப்பா. உழவர் கட்சிக்காரர், வேளாண் குழுவின் தலைவர். பதினோரு உருளைக்கிழங்குக் கொட்டகைகள் அவருடையவை. அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஒரு மசோதா பிடிக்கவில்லை என்றால் அதை வானளாவப் புகழ்வார். "இப்பேர்ப்பட்ட அருமையான மசோதாவை அவசரப்பட்டு நிறைவேற்றி அதன் மாண்பைக் குறைத்துவிடக் கூடாது" என்பார். அதோடு அதன் கதை முடிந்தது.

பால்மானியின் கன்னிப் பேச்சை அவள் கட்சித் தலைவர்தான் எழுதிக் கொடுத்தார். 'கட்டமைப்புசார் ஏற்றத்தாழ்வுகளின் வரலாற்றுப் பரிமாணங்கள்' என்று ஆரம்பித்தது. இரண்டாவது பக்கத்தில் முன்வரிசையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. சுருக்கெழுத்தர் கையைத் தூக்கி, "அந்த மூணாவது வார்த்தை என்னம்மா?" என்று கேட்டார். அது அவளுக்கும் தெரியவில்லை. பெரியப்பா மட்டும் மேசையைத் தட்டி, "மகளே, பிரமாதம்!" என்றார்.

வாரக்கடைசியில் வீட்டுக்குப் போனால், உருளைக்கிழங்குக் கொட்டகையில் வேலைபார்க்கும் அம்மா கேட்டாள்: "ரேடியோவில கேட்டோம்டி. கொட்டகையில எல்லாரும் வேலையை நிறுத்திட்டுக் கேட்டோம். நீ அவங்களைத் திட்டினியா, பாராட்டினியா? எங்களுக்குள்ள தகராறே வந்துடுச்சு."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் பெரிதாக எதையும் கிழிக்கவில்லை. சாலைக்கு மனு, பாலத்துக்கு மனு, இடிந்த பள்ளிக்கூடச் சுவருக்கு மனு. பெரியப்பா எல்லாவற்றையும் புகழ்ந்தார்.

அப்புறம்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். அம்மா பதினெட்டு வருடமாக உருளைக்கிழங்கு தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அழுகியது கீழே. சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர். இளவயதுப் பெண், கொஞ்சம் கறாராகப் பேசுபவர்.

"தண்ணி ஒழுங்காக் குடிக்கறதில்லையா?"

"குடிப்பேன். வீட்டுக்கு வந்து."

"வேலை நேரத்துல?"

"அதெப்படிக் குடிக்கறது?" அம்மா டாக்டரை வெகுளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "குடிச்சா போகணுமே. எங்க போறது? சுத்தி வயலு. அறுவடை முடிஞ்சா மறைவு ஒண்ணும் கிடையாது. லாரிக்காரங்க இருப்பாங்க. நாங்க யாருமே குடிக்கமாட்டோம்."

கட்டிலின் கால்மாட்டில் பால்மானி நின்றுகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்திருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் அம்மா செம்பை நிமிர்த்தி மடக் மடக்கென்று குடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வெயிலுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். 'வரலாற்றுப் பரிமாணங்கள்' என்று தான் அவையில் படித்ததை நினைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது.

மறுவாரமே மசோதா எழுத உட்கார்ந்தாள். கொட்டகைத் தொழிலாளர் நல மசோதா, பதினான்கு பிரிவுகள். கழிப்பறை, குடிநீர், உட்கார பெஞ்சு, குழந்தைகளுக்கு ஓர் அறை, அழைத்துப்போக வண்டி, இன்னும் எத்தனையோ. கட்சித் தலைவர் படித்துவிட்டு முதல் தடவையாக ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை.

மசோதா வேளாண் குழுவுக்குப் போனது. ஏழு பேர் உட்கார்ந்த நீள மேசை. ஏழு பேருக்குமே கொட்டகை இருந்தது, அல்லது சம்பந்தி வீட்டில் இருந்தது. பெரியப்பா தலைமாட்டில் உட்கார்ந்து, பாசத்தோடு ஒவ்வொரு பிரிவாக உருவி எடுத்தார்.

"குழந்தைங்களுக்குத் தனி அறையா? பச்சைப் பிள்ளையைத் தாய்கிட்டருந்து பிரிக்கறதா? என் மனசு கேக்கலை மகளே. எடுத்துடுவோம்."

"பெஞ்சு? உக்காந்தா முதுகு கூன் போடும். உன் அம்மா வயசுப் பொம்பளைங்க. பாவம் இல்லையா?"

"வண்டியா? நடந்தா ஆயுசு கூடும்னு டாக்டருங்க சொல்றாங்களே."

குடிநீர் பெஞ்சைத் தொடர்ந்து போனது. கழிப்பறையை மட்டும் அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று கூட்டம் மல்லுக்கட்டினாள். கடைசியில் பெரியப்பா பெருமூச்சு விட்டுவிட்டு, "கட்டடம் கட்டுன்னு அரசாங்கம் ஒருத்தனைக் கட்டாயப்படுத்தினா அது சர்வாதிகாரம். ஆனா தாழ்ப்பாள்! கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதது அநியாயம். நானும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களைப் பெத்தவன். தாழ்ப்பாளை மட்டும் நான் எதிர்க்கவே மாட்டேன்" என்றார். ஏழு பேரும் தாழ்ப்பாளுக்குத் தலையாட்டினார்கள். இவள் கோபத்தில், "சரி, தாழ்ப்பாள் இல்லாட்டி கொட்டகையை மூடணும், அந்தத் தண்டனையாவது வைங்க" என்றாள். "தாராளமா!" என்றார் பெரியப்பா.

அவர் தாராளமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. மாநிலத்திலுள்ள நூற்றுப் பத்துக் கொட்டகைகளில் கழிப்பறை இருந்தது ஒன்பதில். அதில் ஏழுக்கு ஏற்கெனவே தாழ்ப்பாள் இருந்தது. ஆக, இரண்டரை வருட மக்கள் பணியில் பால்மானி சாதிக்கப்போவது மொத்தம் இரண்டு தாழ்ப்பாள்.

மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதென்று முடிவுசெய்து, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அப்பாவுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். காகிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி ராகம் போட்டுப் படித்தார்.

"கேட்டுக்கோ, உன் மகளோட சட்டம். 'உருளைக்கிழங்கு தரம்பிரிக்கும் ஒவ்வொரு கொட்டகையிலும் கழிப்பறையில் உட்புறத் தாழ்ப்பாள் ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் கொட்டகை மூடப்படும்.' அவ்வளவுதான்!"

அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அடேயப்பா. அப்போ எங்க கொட்டகையிலயும் கட்டிடுவாங்களா?"

"கட்டறதா? எங்க இருக்கு கட்டறதுன்னு?"

"ஒவ்வொரு கொட்டகையிலயும் இருக்கணும்னுதானே படிச்சீங்க?"

அப்பா மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "ஓ, ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'ஒவ்வொரு கொட்டகையிலும் உள்ள கழிப்பறையில்.' உள்ள கழிப்பறை. இருந்தாத்தான் தாழ்ப்பாள். இல்லாட்டி இல்லை."

குப்புறப் படுத்திருந்த பால்மானி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை படிங்க. முதல்ல படிச்ச மாதிரி."

"எதுக்கு?"

"சும்மா படிங்களேன்."

படித்தார். பாதியில் அவருக்கும் விளங்கிவிட்டது. காகிதத்தைச் சூடு பட்டதுபோல மேசையில் போட்டார். "நான் ஒண்ணும் படிக்கலை. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் உழவர் கட்சி" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய் அன்று முழுக்க சுத்தியலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்.

அவையில் ஒரு விதி உண்டு. மசோதாவில் எழுத்துப் பிழை, சொற்பிழை திருத்துவதானால் குழுவுக்குத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் உடனே ஏற்றுக்கொள்ளலாம். வாக்கெடுப்பு அன்று மதிய உணவுக்குப் பத்து நிமிடம் முன்னால் அவள் எழுந்தாள். யாராவது 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. முயன்றால் காது சிவந்துவிடும்.

"சபாநாயகர் அவர்களே, ஒரு சொல் திருத்தம். 'உள்ள' என்ற சொல்லை நீக்கக் கோருகிறேன்."

சபாநாயகர் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார். "ஆட்சேபணை உண்டா?"

பெரியப்பா எழுந்தார். பால்மானி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. தன்னை ஒரு மொழி வல்லுநர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடச் சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிறவர்.

"ஆட்சேபணையா? பாராட்டு! நம் சட்டங்களில் தேவையில்லாத சொற்கள் களையாக மண்டிக் கிடக்கின்றன. 'கொட்டகையில் உள்ள கழிப்பறை' என்று எழுதுகிறார்களே, கொட்டகையில் இல்லாத கழிப்பறைக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா?"

அவை சிரித்தது. பெரியப்பாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. சொற்சிக்கனம் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார். உணவகத்திலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பசியில் மேசையைத் தட்டினார்கள். மசோதா ஏகமனதாக நிறைவேறியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கட்சித் தலைவரிடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்தார். "தோழர், இது கொள்கையின் வெற்றி அல்ல. இலக்கணத்தின் வெற்றி." பிறகு, "பரவாயில்லை" என்றார்.

நான்கு மாதம் கழித்துத் தொழில் ஆய்வாளர் ஒருவர் பெரியப்பாவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். சட்டத்தை எழுத்தெண்ணிப் படிக்கிற ரகம். மேற்பார்வையாளரிடம், "தாழ்ப்பாள் எங்கே?" என்றார்.

"கழிப்பறையே இல்லைங்களே."

"நான் அதைக் கேக்கலை. ஒவ்வொரு கொட்டகையிலும் கழிப்பறையில தாழ்ப்பாள் இருக்கணும். எங்கே?"

மேற்பார்வையாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஆய்வாளர் திரும்பி வந்தபோது, கொட்டகையின் நடுத்தூணில் புத்தம் புதிய பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று ஆணி அடித்து மாட்டியிருந்தது. ஆய்வாளர் அதைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். "நல்லா வேலை செய்யுது. இப்போ இதைச் சுத்தி ஒரு கழிப்பறை கட்டுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரியப்பா தாம்தூம் என்று குதித்தார். நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் அவைக் குறிப்பைப் புரட்டிவிட்டு, "ஐயா, அந்த வார்த்தையை எடுக்கணும்னு பதினெட்டு நிமிஷம் வாதாடினது நீங்கதான். அதைப் புத்தகமா வேற அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்திருக்கீங்க" என்றார்.

மறுநாள் அவை நடைபாதையில் பெரியப்பா அவளை மடக்கினார். சுற்றிலும் யாரும் இல்லை.

"மகளே, என்னைக் கவுத்துட்டியே."

"ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன் பெரியப்பா. கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டேதான் நின்னேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது, அப்புறம் வயிறு குலுங்கியது. அந்த மனுஷன் சிரித்துவிட்டார்.

ஆனால் முப்பது வருட அரசியல்வாதி சும்மா சிரிக்கமாட்டார் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரே மாதத்தில் பதினோரு கொட்டகையிலும் கழிப்பறை எழும்பிவிட்டது. சாதாரணமாக இல்லை, பளிங்குக் கல், வாசலில் அவர் பெயர், ரிப்பன் வெட்டுவதற்கு அவரே. மற்ற முதலாளிகளும் வேறு வழியில்லாமல் கட்டினார்கள். 'தாயுள்ளம் கொண்ட பெரியப்பா' என்று சுவரொட்டி ஊரெங்கும் முளைத்தது.

அம்மாவின் கொட்டகையிலும் இரண்டு அறைகள் கட்டினார்கள். முதல் நாள் உள்ளே போன ஒரு பெண் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து, "இருங்கடி, சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்று குரல் வந்தது. "இருபது வருஷத்துல வேலை நேரத்துல யாரும் என்னைப் பாக்காம இருந்தது இப்பத்தான்." அம்மா இதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பால்மானிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தேர்தலில் உழவர் கட்சி ஒன்றுசேர்ந்துவிட்டது. அவளுக்கு எதிராகப் பெரியப்பாவின் மருமகன் நின்றான். ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரம்மா அவளை உட்காரவைத்து உபசரித்துவிட்டு, "உனக்குப் போடணும்னுதான் ஆசை. ஆனா பெரியப்பா கழிப்பறை கட்டிக் குடுத்தாரே, அந்த நன்றியை மறக்கலாமா? நீயே சொல்லு" என்றார். நியாயம் கேட்டால் சொல்லாமல் இருக்கத் தெரியாதவள், அன்றைக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டாள். சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள், ஒரு வார்த்தையை எடுத்ததில் நூறு கட்டடம் எழும்பியது என்று?

முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள்.

அன்றைக்கு உழவர் கட்சிக்காரர்கள் பட்டறைக்கு முன்னால் வந்து பட்டாசு வெடித்தார்கள். அப்பா வெளியே வரவில்லை. உள்ளே பார்த்தால், கழற்றிய என்ஜினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் கட்சி ஜெயிச்சிருக்கு" என்றார். "ஒரு சந்தோஷத்தையும் காணோம். உடம்புக்கு ஏதாவது வந்துடுச்சோ?"

பால் நிலையத்தில் அவளுடைய இடத்தில் இப்போது அந்தத் தோழி இருந்தாள். அவளை நகர்த்திவிட்டு உட்கார மனம் வரவில்லை. பால்மானி கொட்டகைத் தொழிலாளர் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். நான்கு வருடம் கொட்டகை கொட்டகையாகச் சுற்றினாள். பேசப் போனவள், கேட்டுக்கொண்டிருக்கப் பழகினாள். எந்தக் கொட்டகையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, யாருக்கு முழங்கால் வலி, யார் குழந்தையைக் கூடையில் போட்டுக் கொண்டுவருகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. மறுபடி தேர்தலுக்கு நின்றபோது தலைவர் எழுதிக் கொடுத்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பெஞ்சு வேணும். உக்காரணும். அவ்வளவுதான்" என்று இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். இந்தத் தடவை யாருக்குப் போட்டார் என்று அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதவியேற்புக்கு அம்மாவும் அப்பாவும் போனார்கள். அப்பா உழவர் கட்சியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். கட்சிச் சின்னத்தோடு பார்வையாளர் மாடத்துக்கு விடமுடியாது என்று காவலர் தடுத்தார். கழற்றமாட்டேன் என்றார் அப்பா. அம்மா கெஞ்சினாள், மகள் கெஞ்சினாள், அந்தப் பக்கமாக வந்த பெரியப்பாகூட, "நம்ம கட்சிதானேய்யா, நானே சொல்றேன், கழட்டுய்யா" என்றார். மனுஷன் மசியவில்லை. அம்மா மட்டும் மாடத்துக்குப் போனாள். அவர் தோட்டத்தில் உட்கார்ந்து, தோட்டக்காரரின் பழுதான புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுச் சாயங்காலத்துக்குள் ஓடவைத்துவிட்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் பேருந்தில் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நகரம் தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார்.

"என்ன பேசின உள்ள?"

"பெஞ்சு மசோதா கொடுத்திருக்கேன்பா. கொட்டகையில எல்லாரும் உக்காந்து வேலை பாக்கற மாதிரி."

"பெஞ்சு போட்டா பாதையை அடைக்கும். தள்ளுவண்டி எப்படிப் போகும்?"

"சுவரோரமாப் போடலாம்."

"சுவரோரம் போட்டா தரம்பிரிக்கற மேசைக்கு எட்டாது. யோசிக்காம எழுதியிருக்கீங்க. எங்க கட்சியா இருந்தா முதல்ல அளவெடுத்திருப்பாங்க."

"உங்க கட்சி முப்பது வருஷமா என்ன அளவெடுத்துச்சு?" என்றாள் அம்மா.

முன் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பி, மடக்குகிற பெஞ்சாகப் போட்டால் என்ன என்று கேட்டார். கீல் தாங்காது என்றார் அப்பா. தாங்கும், கனமான கீல் போட்டால் தாங்கும் என்றார் நடத்துநர். அப்பா உடனே சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கீலை வரைந்து, அது ஏன் தாங்காது என்று விளக்க ஆரம்பித்தார். இடம் போதவில்லை. மகளின் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்.